குணா சார் வாயால் வந்த என் கதை

1

இந்தப் பத்திரிகையின் வெளிநாட்டுப் பக்கத்தில் துபாய்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் எழுதுகிறார்கள். ஆம்பூரிலிருந்து ரயிலேறினால் மூன்று மணி நேரத்தில் வந்துவிடுகிற பெங்களூரிலிருந்து நான் எழுதலாமா என்று ஆசிரியரைப் போனில் கேட்டேன். "எழுதுங்கம்மா, பாத்துக்கலாம்" என்றார். இருபத்திரண்டு வருடமாகக் கன்னட பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் நம்பரை மட்டும் பார்த்து ஏறுகிறவளுக்கு இது வெளிநாடு இல்லாமல் வேறென்ன?

என் பெயர் வசந்தி. எட்டாவது வரை படித்தேன். பீன்யாவில் ஒரு சட்டைக் கம்பெனியில் கை முனை தைக்கிறேன். வீடு ஒக்கலிபுரத்தில். வீட்டுக்காரர் இறந்து பதினாறு வருடம் ஆகிறது. ஒரே மகள் நிவேதா, காலேஜில் படிக்கிறாள். நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள். காஸை மூடிவிட்டு வாசலுக்கு வருவேன், திரும்பப் போய்ப் பார்ப்பேன், படியிறங்கிய பிறகு இன்னொரு தரம் ஏறுவேன். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்றுதான் எடுப்பேன். இதை எழுதும்போதும் பயம்தான். ஆம்பூரில் என் அண்ணன் இதைப் படிப்பான். படிக்கட்டும். என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவன் அவன்தான். நான் எழுதியதை அவன் எழுத்துக் கூட்டிப் படிப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது.

சகு என்னைவிட்டுப் போய் போன மாதத்தோடு ஒரு வருடம் முடிந்தது. சகு என்றால் சகுந்தலா. பத்து வருடம் எனக்குப் பக்கத்து மிஷினில் காலர் தைத்தவள். நான் அவளைக் காதலித்தேன். அவளும்தான். இந்த வாக்கியத்தை நான்கு முறை அடித்து ஐந்தாம் முறை அப்படியே விட்டிருக்கிறேன்.

அவளை விரட்டியது ஒரு விஞ்ஞானக் கதை. எழுதியவர் எங்கள் வாசகர் வட்டத்தின் குணசீலன், எல்லோருக்கும் குணா சார். ஒரு வருடமாக எனக்கு இரண்டு விஷயம்தான் வேண்டியிருந்தது. சகு திரும்பப் பேச வேண்டும். குணா சார் நாலு பேர் முன்னால் அவமானப்பட வேண்டும். எது முதலில் என்று கேட்டிருந்தால் வெட்கமில்லாமல் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பேன்.

2

எனக்கு விஞ்ஞானக் கதைப் பழக்கம் ஆம்பூர் ஷூ கம்பெனியில் வந்தது. ஷூவின் மூக்கு நசுங்காமல் இருக்கப் பழைய வாரப்பத்திரிகைத் தாளைச் சுருட்டித் திணிப்போம். திணிப்பதற்கு முன் நான் படித்துவிடுவேன். ஒரு கதையும் முழுசாகக் கிடைத்ததில்லை. ராக்கெட் கிளம்பும், இறங்குகிற தாள் வேறு பெட்டிக்குப் போயிருக்கும். மீதியை நானே யோசித்துக்கொள்வேன். என் ராக்கெட்டுகள் பெரும்பாலும் வெடித்துவிடும். அப்போதும் பயந்த சுபாவம்தான்.

இங்கே வந்து பல வருடம் கழித்து, அல்சூரில் ஒரு அச்சகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு தமிழ் வாசகர் வட்டம் கூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஆபீஸ்காரர்கள், வாத்தியார்கள், இரண்டு மூன்று பெண்கள். நான் கடைசி வரிசையில் கதவோரமாக உட்காருவேன், தீப்பிடித்தால் ஓட வசதியாக.

அங்கே நிறைய விஞ்ஞானக் கதைகள் கேட்டேன். ஒன்று புரிந்தது. ஆயிரம் ஒளியாண்டு தள்ளிப் போனாலும் கதையில் வருகிற பெண் காபிதான் போட்டுக்கொடுக்கிறாள். வேற்றுக் கிரகத்து ஆளுக்கு மூன்று கண் இருக்கலாம், பச்சை ரத்தம் ஓடலாம், வாலால் பேசலாம். ஆனால் அங்கேயும் ஆணுக்குப் பெண், பெண்ணுக்கு ஆண். இயந்திர மனுஷிக்குக்கூட இடுப்பு வைத்துவிடுகிறார்கள். வானத்தையே மாற்றிக் கற்பனை செய்கிற தைரியம் இருக்கிறவர்களுக்கு ஒரு கட்டிலை மாற்றிக் கற்பனை செய்யத் தைரியமில்லை.

குணா சாருக்கு இதிலெல்லாம் பெரிய பெயர். நல்ல குரல். "விஞ்ஞானக் கதையோட உயிரே ஒத்துணர்வுதாம்மா. இன்னொருத்தர் தோலுக்குள்ள போய் உக்காந்து பாக்கணும்" என்பார். நான் அதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

3

சகு ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. கன்னடப் பள்ளிக்கூடம். எனக்குக் கன்னடம் அரைகுறையாகப் பேச வரும், படிக்க வராது.

எங்கள் கம்பெனியில் துணியில் அடையாளம் போட ஒரு பேனா தருவார்கள். இஸ்திரிச் சூடு பட்டால் அந்த மை மறைந்துவிடும். சகு காலரின் உள்பக்கத்தில் அந்தப் பேனாவால் கன்னடத்தில் ஏதாவது எழுதி பண்டிலை என்னிடம் தள்ளுவாள். நான் கை முனையின் உள்பக்கம் தமிழில் பதில் எழுதுவேன். அவள் எழுதியது எனக்குப் படிக்கத் தெரியாது, நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. அடுத்த பகுதியில் இஸ்திரி போட்டதும் எல்லாம் போய்விடும். சட்டை கப்பலேறிவிடும்.

மத்தியானம் சாப்பாட்டில் கேட்பேன்: "இன்னைக்கு என்னடி எழுதினே?"

"உன் கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு எழுதினேன்."

"ரெண்டு வரி இருந்துச்சே?"

"ரொம்ப ஜாஸ்தி."

ஒருமுறை எனக்கு ரத்த அழுத்தம் குறைந்து மிஷின் மேலேயே விழுந்துவிட்டேன். சகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வார்டு வாசலில் சீட்டு எழுதுகிறவர் அவளை நிறுத்தி, "நிமகே ஏனாகபேக்கு?" என்றார். உங்களுக்கு இவர் என்ன உறவு என்று கேள்வி. சகு கொஞ்சமும் யோசிக்காமல், "பக்கத்து மிஷின்" என்றாள்.

"மிஷின் எல்லா ஒளகே பிடல்லம்மா" என்றார் அவர். மிஷினை எல்லாம் உள்ளே விட மாட்டாராம்.

"ஆ மிஷின் இல்லாந்தரே ஈ மிஷின் ஓடல்ல சார்" என்று பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டாள். அந்த மிஷின் இல்லாவிட்டால் இந்த மிஷின் ஓடாதாம். படுக்கையில் கிடந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சீட்டில் உறவு என்ற இடம் காலியாகவே இருந்தது. யாராவது வந்து கேட்பார்களோ என்று டிஸ்சார்ஜ் ஆகும்வரை எனக்குப் பயம்.

4

குணா சார் ஒருநாள் டீ குடிக்கும்போது, "உங்க ஃபேக்டரி பத்திச் சொல்லுங்கம்மா, ஒரு கதைக்கு வேணும்" என்றார். என்னிடம் ஒரு படித்த மனிதர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னேன். பேனாவைப் பற்றிச் சொன்னேன். காலரில் எழுதுவதைச் சொன்னேன். யார் யாருக்கு என்று சொல்லவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது. "ஓ..." என்று இழுத்து, "நல்ல விஷயம்மா, அழகான விஷயம்" என்றார்.

அந்த மை கடுங்குளிரில் திரும்பத் தெரியும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. எந்தப் பனி தேசத்தில் எந்த ஆள் சட்டையைக் கழற்றி மாட்டும்போது என் தமிழைப் பார்க்கிறானோ! சகுவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "பாக்கட்டுமே. அவனுக்கென்ன, தமிழ் தெரியுமா?"

ஆண்டுக் கூட்டத்தில் குணா சார் கதை வாசிப்பு. நம் ஃபேக்டரி கதை என்று சகுவையும் கூட்டிப் போனேன். புதுப் புடவை கட்டி வந்தாள்.

கதையில் இரண்டு தையல் இயந்திரங்கள். நம்பர் பதினேழு, பதினெட்டு. எங்கள் மிஷின் நம்பரேதான், அதைக்கூட மாற்றவில்லை. இரண்டும் சட்டைக் காலரில் ரகசியமாக எழுதிக்கொள்கின்றன. பனி தேசத்தில் எழுத்து வெளிப்பட்டு, வாங்கியவர்கள் புகார் கொடுக்கிறார்கள். எஞ்சினியர் வந்து திறந்து பார்க்கிறார். "ரெண்டுக்கும் ஒரே மாதிரி சாக்கெட்டு, அப்புறம் கரண்ட் எப்படி பாஸ் ஆகும்?" என்கிறார். மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. வயர் கோளாறு என்று பதினெட்டின் நினைவை அழிக்கிறார். பதினேழு துக்கத்தில் தன் விரலிலேயே பொத்தான் தைத்துக்கொள்கிறது. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சகு எழுந்தாள். வரவில்லை. மறுநாள் வேலைக்கும் வரவில்லை. தும்கூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று வாரம் கழித்துத் தெரிந்தது. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. பதினெட்டாம் மிஷினில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்தாள். நல்ல பெண்தான். அவள் முகத்தைப் பார்க்கவே எனக்கு ஆத்திரமாக வந்தது.

5

ஒரு வருடம் நான் யோசித்ததை எல்லாம் எழுதினால் போலீஸ் வரும். அவர் செருப்பை ஏரியில் போடுவதிலிருந்து ஆரம்பித்து எங்கெங்கோ போனேன். கடைசியில் எங்கள் வட்டத்தின் வழக்கமே எனக்குக் கைகொடுத்தது.

ஆண்டுக் கூட்டத்துக்கு யாரும் கதை கொடுக்கலாம். பெயர் போடக் கூடாது. எழுதியவர் வாசிக்கவும் கூடாது, வேறொருவர்தான் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் முன்கூட்டிப் படிக்கக் கூடாது, ஒரு சொல்லை விடக் கூடாது, நடுவில் நிறுத்தக் கூடாது. கதையைப் பற்றி எல்லோரும் பேசி முடித்த பிறகு எழுதியவர் எழுந்து நிற்கலாம், விருப்பமில்லாவிட்டால் உட்கார்ந்தே இருந்துவிடலாம். இதெல்லாம் குணா சார் மற்றவர்களுக்குப் போட்ட சட்டம், தன் கதையை அவரே வாசித்துக்கொள்வார். கையால் எழுதி வருகிற கதைகளை எப்போதும் அவரே வாசிப்பார், யார் கிறுக்கலும் அவருக்குப் புரியும் என்று பெருமை. மற்றவர்கள் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பார்கள். கையெழுத்துக் கதை வந்தால் அவர் கைக்குத்தான் போகும்.

எனவே கையால் எழுதினேன். 'நான்' என்றே எழுதினேன்.

கதையில் வருங்காலத்து பெங்களூரில் ஒரு கோர்ட்டு. அடுத்தவர் காதலைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அங்கே ஒரே தண்டனை. அந்தக் காதலை அப்படியே பிரதி எடுத்து, சிரித்தவர் நெஞ்சில் முப்பது நாளைக்கு வைத்துவிடுவார்கள். குற்றவாளி ஒரு பெரிய எழுத்தாளன். அவன்தான் 'நான்'. ஒரு தையல்காரியின் காதலை அவனுக்குள் வைக்கிறார்கள். முதல் நாள் அதையும் பார்த்துச் சிரிக்கிறான். மூன்றாம் நாள் பஸ்ஸில் மிஷின் எண்ணெய் வாசத்தோடு ஒரு பெண் கடந்து போக, திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். பத்தாம் நாள், தையல்காரியின் காதலி குழம்பு நன்றாயில்லை என்று சொன்ன வார்த்தைக்காக ஏங்குகிறான். முப்பதாம் நாள் கோர்ட்டு ஆட்கள் எடுக்க வருகிறார்கள். காலில் விழுந்து கும்பிடுகிறான், எடுக்காதீர்கள் என்று. எடுத்துவிடுகிறார்கள். போகும்போது ஒருவர் சொல்கிறார்: "வைத்தது தண்டனை என்று நினைத்தாயா? எடுத்ததுதான் தண்டனை."

இன்னொருத்தர் தோலுக்குள் போய் உட்காரச் சொன்னவர் அவர்தானே? நாற்காலி போட்டுக் கொடுத்தேன்.

எழுதுகிற ஆறு மாதமும் நோட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. பயந்தாங்கொள்ளி நான் எப்படி அப்படிப் போட்டு வைத்தேன் என்றால், என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. கன்னடமும் இங்கிலீஷும்தான். மூன்றாவது படிக்கும்போது அவளுக்கு 'அ' சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன், "எக்ஸாம்ல வருமா?" என்று கேட்டாள், அதோடு போனது. அதற்காகப் பல நாள் அழுதிருக்கிறேன். இந்த ஆறு மாதம் மட்டும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். "என்னம்மா இவ்ளோ எழுதறே, ரேஷன் கார்டு அப்ளிகேஷனா?" என்று நோட்டின் மேலேயே தட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

6

கூட்டத்தன்று காலையிலிருந்து மழை. கதையைப் போட்ட கவரை ஒட்டிவிட்டேனா என்று ஏழு தடவை பார்த்தேன். "நடுங்கறே பாரு, நானே ட்ராப் பண்றேன், வா" என்று நிவேதா ஸ்கூட்டரை எடுத்தாள். அல்சூரில் மழை வலுத்தது. "இந்த மழைல எங்கே திரும்பிப் போறது, பேஜார். நானும் மேல வந்து உக்காந்துக்கறேன்" என்றாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தாள்.

குணா சார் மூக்குக்கண்ணாடியை மாட்டி என் கதையைப் பிரித்து முதல் வரியை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் மகளுக்குத் தமிழ் படிக்கத்தான் தெரியாது. கேட்டால் எல்லாம் புரியும். அவளிடம் இருபது வருடமாக நான் பேசுவது தமிழ்தானே!

எழுந்து தாளைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தேன். கால் வரவில்லை. அவர் குரல் கணீரென்று போய்க்கொண்டிருந்தது. 'இரண்டு பெண்களின் காதலை நான் கேலிக்கதையாக எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்' என்ற இடம் வந்ததும் தாளிலிருந்து நிமிர்ந்தார். கண் நேராகக் கடைசி வரிசைக்கு வந்தது. நான் தலையைக் குனியவில்லை. முதல் வரிசையில் யாரோ, "வாசிங்க சார், நிறுத்தக் கூடாது" என்றார்கள். வாசித்தார். காதுமடல் சிவந்துவிட்டது. 'எடுக்காதீர்கள்' என்று கெஞ்சுகிற இடத்தில் அவர் குரல் இரண்டாக உடைந்தது. அந்த ஒரு விநாடியை நான் ஆயுசுக்கும் வைத்துக்கொள்வேன்.

வாசித்து முடித்தார். "என்ன சார், அழுதுட்டீங்க?" என்றார் ஒரு வாத்தியார்.

"சளி" என்றார். தண்ணீர் குடித்தார். பிறகு அவருக்கே உரிய சிரிப்பு வந்தது. "இது போன வருஷம் நான் எழுதின கதையோட பாதிப்புல வந்தது. என் கதைக்குக் கிடைச்ச மரியாதையா எடுத்துக்கறேன். எழுதினவங்க எந்திரிக்கலாம். கூச்சமா இருந்தா வேணாம்."

நான் எழுந்திருக்க மாட்டேன் என்று அவருக்கு நிச்சயம். எனக்கும் நிச்சயமாகத்தான் இருந்தது. உட்கார்ந்திருந்தால் மகளுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. ஆனால் அந்த மரியாதை என்ற சொல்! என் வயிற்றெரிச்சலையும் எடுத்து அவர் சால்வையாகப் போட்டுக்கொள்ளப் போகிறார்.

எழுந்தேன். பத்து வருடம் ஆசைக்காக ஒரு தடவைகூட எழுந்து நிற்காத கால், பழிக்காக எழுந்து நின்றது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

"மரியாதை இல்ல சார்" என்றேன். "பழி."

7

மழை நின்ற பிறகு ஸ்கூட்டரில் வந்தோம். ஒக்கலிபுரம் பாலம் வந்தது. சிக்னலில் நின்றபோது நிவேதா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டாள்: "சகு ஆன்ட்டியா?"

"ஆமா."

"எனக்கு ஏன் சொல்லலே?"

"பயம்."

"எல்லாத்துக்கும் பயம் உனக்கு." சிக்னல் விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "போன வருஷம் அந்த ஆள் படிச்சப்ப ஆன்ட்டி உன் பக்கத்துலயா இருந்தாங்க?"

"ஆமா."

"எல்லாரும் சிரிச்சாங்க. நீ?"

வாசகர்களே, இத்தனை நேரம் உங்களிடமும் இதைச் சொல்லவில்லை. நானும் சிரித்தேன். சாக்கெட்டு என்றதும் எல்லோரும் சிரித்தபோது, நான் மட்டும் சிரிக்காமலிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்களே என்ற பயத்தில் வாயைத் திறந்து பல் தெரியச் சிரித்தேன். சகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

"சிரிச்சேன்" என்றேன்.

நிவேதா வண்டியை எடுத்தாள். வீட்டுக்கு வந்து, குணா சார் வாசித்தது முழுவதையும் போனில் பதிவு செய்திருப்பதாகச் சொன்னாள். அவர் குரல் உடைந்த இடத்தை இரண்டு முறை போட்டுக் கேட்டேன். "ஆன்ட்டிக்கு அனுப்பட்டா? அவங்களுக்கும் படிக்க வராது இல்ல, கேக்கட்டும்" என்றாள். அவளே அனுப்பினாள்.

குணா சார் மறுநாள் போன் செய்தார். ஆண்டு மலரில் போடலாமாம், அந்த எழுத்தாளனை மட்டும் ஒரு டாக்டராக மாற்றிவிடலாமாம். "எழுத்தாளனாவே போடுங்க சார், இல்லேன்னா வேணாம்" என்று வைத்துவிட்டேன். நான் அவரை மன்னிக்கவில்லை. இனியும் மன்னிப்பதாக இல்லை.

மூன்றாம் நாள் காலையில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது சகுவிடமிருந்து குரல் பதிவு வந்தது. ஒரு வருடம் கழித்து அவள் குரல். காஸை மூடினேனா என்று பார்க்காமலே படியில் உட்கார்ந்து கேட்டேன்.

"அந்த ஆளோட குரல் எனக்கு எதுக்கு? எழுதினது நீ தானே, நீயே படி. நடுவுல ‘நானும் சிரிச்சேன்’னு வருதில்ல, அந்த இடத்துல நிறுத்து. அன்னைக்கு எவ்ளோ நேரம் சிரிச்சியோ அவ்ளோ நேரம் சும்மா இரு. அப்புறம் மேல படி."

அன்று வேலைக்கு லீவு சொன்னேன். கதவைச் சாத்தி, நோட்டை எடுத்து, போனைப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தினேன். வெளியே காய்கறி வண்டி கத்திக்கொண்டு போனதும் பதிவில் விழுந்தது. பிறகு மீதியைப் படித்து அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது, இரண்டே சொல்லில்.

"இன்னொந்து சல."

இன்னொரு தடவையாம்! மறுநாளும் படித்து அனுப்பினேன். அதே பதில். இதுவரை பதினோரு தடவை படித்தாயிற்று. பழிவாங்குவதில் என்னைவிடக் கைதேர்ந்தவள். நாளைக் காலையும் படிக்க வேண்டும்.